ஏழாம் எண் கட்டுரை

தலைமையாசிரியர் பியாங்கி கெட்ட செய்தி சொல்ல வரும் நாளில் கையில் டோனட் இருக்கும். ஹெம்லாக் பாயிண்ட் உயர்நிலைப் பள்ளியில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் வெள்ளிக்கிழமை காலை மார்லிஸ் நியமி தன் வகுப்பறைக் கதவைத் திறந்தபோது, மேசைமேல் சர்க்கரை தூவிய டோனட் ஒன்றும் ஜன்னலோரம் பியாங்கியும் இருப்பதைப் பார்த்ததும், மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எத்தனை பேர்?" என்றாள்.

"மூணு." பியாங்கி ஏரியைப் பார்த்தபடியே சொன்னார். "மூணு பேர் மஞ்சச் சீட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. வீட்ல கையெழுத்து வாங்கி, திங்கக்கிழமை பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள குடுத்துட்டா வகுப்பு மாறிக்கலாம்."

பன்னிரண்டாம் வகுப்பு இலக்கியத்தில் மொத்தம் பதினொரு பேர். பத்துக்குக் கீழே இறங்கினால் வகுப்பை மூடிவிடுவது மாவட்டக் கல்விக் குழுவின் விதி. மூடினால் மிச்சம் இருப்பவர்கள் நூலகத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினித் திரையில் யாரோ நடத்தும் பாடத்தைப் பார்ப்பார்கள். மார்லிஸ் ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்துக்கே திரும்பிப் போவாள். அந்த இலக்கணத்திலிருந்து வெளியே வர அவள் ஆறு வருடம் விண்ணப்பம் போட்டிருந்தாள். பழைய ஆசிரியை ஓய்வு பெற்றதும் இந்த வருடம்தான் வகுப்பு கைக்கு வந்தது. வந்து ஒரு மாதம் ஆகவில்லை.

"கொஞ்சம் இளக்கிவிடுங்க மார்லிஸ். முதல் கட்டுரைக்கே எல்லாருக்கும் ரெண்டு, மூணுன்னு போட்டா பசங்க ஓடத்தான் செய்வாங்க."

"ரெண்டு, மூணு தர்ற மாதிரிதான் எழுதியிருந்தாங்க."

"நாலு தர்ற மாதிரி படிச்சுப் பாருங்களேன்."

அவர் போன பிறகு டோனட்டைத் தின்றாள். நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் மிரண்டதில் நியாயம் இருந்தது. இந்த வகுப்பில் என்னென்ன நடக்கும் என்பதை முதல் நாளே அவள் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தாள். வாரம் ஒரு கவிதை அல்லது ஒரு பக்க உரைநடை, எழுதியவர் பெயரை வெட்டிவிட்டுக் கையில் தரப்படும். பெயர் தெரிந்தால் பயம் வரும், அல்லது பக்தி வரும், இரண்டும் படிப்பதற்கு உதவாது. வியாழக்கிழமை நாற்பது நிமிடத்தில் கட்டுரை. பள்ளிக்கூட மடிக்கணினியில் அடித்து அச்செடுத்து, பெயருக்குப் பதிலாகக் குலுக்கலில் எடுத்த எண்ணைப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அந்தத் தாள்கட்டுக்குள்ளிருந்து மூன்றை உருவி, வகுப்பே மதிப்பெண் போடும்; மீதிக்கு அவள் போடுவாள். ஆறுக்கு இத்தனை என்று அவரவர் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காபி டப்பாவில் போடுவார்கள். யாருடைய மதிப்பெண் மற்றவர்களிடமிருந்து ஒன்றுக்கு மேல் விலகி நிற்கிறதோ, அவர் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். நாலுக்குக் கீழே வாங்கிய கட்டுரையைத் திருத்தி எழுதி, திங்கட்கிழமை எல்லோர் முன்னிலும் வாசிக்க வேண்டும்.

"'எனக்குப் புடிச்சிருக்கு'ங்கிறது கருத்து இல்ல. ஏன் புடிச்சிருக்குன்னு வரியைக் காட்டணும். இன்னொண்ணு, கிறிஸ்துமஸுக்கு முன்னாடி இந்த ரூம்ல யாருக்கும் ஆறு கிடையாது," என்று சொல்லி முடித்துவிட்டு, "உங்களைச் செய்யச் சொல்றதை எல்லாம் நானும் செய்வேன்," என்று சேர்த்துக்கொண்டாள். இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்கவில்லை. பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே.

ஆனால் அவள் செய்தாள். வியாழக்கிழமைகளில் பின்வரிசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து அவளும் எழுதினாள். மின்னஞ்சல் பார்க்கிறாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் குலுக்கலில் ஓர் எண் எடுத்துத் தன் தாளைக் கட்டுக்குள் செருகினாள். இந்த வாரம் அவளுக்கு வந்தது ஏழு.

அன்று ஹோம்கமிங் நாள். சாயங்காலம் பழைய மாணவர்கள் எல்லாம் கூடும் ஃபுட்பால் ஆட்டம். ஆகவே பிள்ளைகள் பாதி மனிதர்களாகவும் பாதி கொடிகளாகவும் வந்து சேர்ந்தார்கள். பேண்டு வாத்தியத்தில் டியூபா ஊதும் ஓட்டோ லாட்டியின் முகம் இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் வெள்ளை. ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் கோரின் ட்ரெம்பாத் காதில் பச்சை மணிகள் தொங்கின. எமெட் சாலோ மட்டும் எப்போதும்போலக் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். அவன் பேச்சில் மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தை அகராதியில் பார்க்க வேண்டியதாக இருக்கும்.

கோரின் மேசையில் கோப்புக்குள்ளிருந்து மஞ்சள் காகித ஓரம் ஒன்று எட்டிப் பார்த்தது. மார்லிஸ் அதைப் பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டாள். மற்ற இரண்டு சீட்டும் யாரிடம் என்று தெரியவில்லை.

கவிதை கரும்பலகையில் இருந்தது.

*பனி நின்றதும் இறங்கி வருகிறாள்.*
*முதலில் எதிர்வீட்டு வாசல்.*
*படி மூன்றையும் தள்ளி, கதவு வரை*
*ஓர் ஆள் நடக்க வழி எடுக்கிறாள்.*
*சாவி அவள் பையில் இருக்கிறது.*
*உள்ளே போவதில்லை.*
*அழைப்புமணியைத் துடைத்துவிட்டுத்*
*தன் வீட்டுக்குத் திரும்புகிறாள்,*
*முழங்கால் பனியை மிதித்துக்கொண்டு.*

கேள்வி ஒரே வரி: இந்தப் பெண் செய்யும் வேலை அவளைப் பற்றி நமக்கு என்ன சொல்கிறது?

ஓட்டோ கண்ணை மூடிக்கொண்டு கட்டுக்குள்ளிருந்து மூன்று தாள்களை உருவினான். நான்கு, ஒன்பது, ஏழு.

மார்லிஸ் நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். பயம் இல்லை. உண்மையைச் சொன்னால் அது ஆசை. ஏழாம் எண் நல்ல கட்டுரை என்றே அவள் நினைத்திருந்தாள்.

நான்காம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் பெரிய சண்டை இல்லாமல் ஆளுக்கொரு நாலு வாங்கித் தப்பித்தன. ஏழாம் எண்ணை எமெட் வாசித்தான். அவனுக்குத்தான் வானொலிக் குரல்.

"'இக்கவிதையில் பனியானது மரணத்தின் குறியீடாகவும், வெண்மையானது வெறுமையின் படிமமாகவும் அமைய, இவ்விரண்டுக்கும் இடையிலான முரணின் இழுவிசை மனித இருப்பின் நிலையாமையை ஒருங்கே உணர்த்தி நிற்கிறது...'"

"டேய் எமெட், உன்னோடதை நீயே படிக்கிறியா?" என்றான் ஓட்டோ.

"என்னோடதா இருந்தா இழுவிசைக்கு விளக்கம் குடுத்திருப்பேன்," என்றான் எமெட், புண்பட்டவனாக.

வாசித்து முடிய மூன்று நிமிடம் ஆயிற்று. யாரோ கொட்டாவியை முழுதாக விடாமல் மென்று விழுங்கினார்கள். துண்டுத்தாள்கள் டப்பாவுக்குப் போயின. மார்லிஸும் வருகைத்தாளின் மூலையைக் கிழித்து எழுதிப் போட்டாள். ஆசிரியைக்கும் ஒரே ஓட்டுதான்.

ஓட்டோ பிரித்துப் படித்தான். "மூணு. மூணு. ரெண்டு. மூணு. ரெண்டு, பக்கத்துல தூங்குற மூஞ்சி ஒண்ணு வரைஞ்சிருக்கு. மூணு. ரெண்டு... அஞ்சு!"

"ஓ..." என்று வகுப்பு முழுக்க ஓர் இழுப்பு.

"எமெட், ஒத்துக்கோடா. யாரும் அடிக்க மாட்டோம்."

"நான் ரெண்டு போட்டேன்! தூங்குற மூஞ்சி என்னோடது!"

"அஞ்சு நான்தான்," என்றாள் மார்லிஸ்.

பதினொரு தலைகள் திரும்பின. விதிப்படி அவள் எழுந்தாள். கட்டுரையின் அமைப்பு ஒழுங்காக இருக்கிறது என்றாள். கலைச்சொற்களைப் பிழையில்லாமல் கையாள்கிறது என்றாள். பத்திக்குப் பத்தி வாதம் தொடர்கிறது என்றாள். சொல்லச் சொல்ல, தான் பேசுவது ஒரு வீட்டை விற்க வந்த தரகர் பேச்சுபோல் இருப்பது அவள் காதிலேயே விழுந்தது.

கோரின் கையைத் தூக்கினாள். தூக்கிய கை இறங்குவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மிஸஸ் நியமி, கேள்வி அந்தப் பொம்பளையைப் பத்தி. இந்தக் கட்டுரையில பனி இருக்கு, வெள்ளை இருக்கு, மரணம் மூணு தடவை வருது. அவ எங்க?"

மார்லிஸ் தாளைப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள். அந்தப் பெண் எங்கேயும் இல்லை.

"அதோட," என்றான் ஓட்டோ, "இதை எழுதின ஆள் பனி தள்ளுற ஷவலைக் கையில புடிச்சதே கிடையாது. பனியே விழாத ஃப்ளோரிடாவுல பொறந்து வளர்ந்த ஆசாமி. பனின்னா சாவாம்! எங்கம்மா வருஷா வருஷம் நாலு வீட்டு வாசலைத் தள்ளுறாங்க. குளிருக்குப் பயந்து தெக்க ஓடிப்போனவங்க வீடுங்க. வாசல்ல பனி அப்படியே கிடந்தா வீடு காலின்னு ஊருக்கே தெரிஞ்சுடும். வழி எடுத்துவிட்டா உள்ள ஆள் இருக்கிற மாதிரி. அவ்ளோதான் விஷயம்."

"அது திருடனுக்காக," என்றாள் கோரின். "இவ திருடனை நினைச்சுத் தள்ளலை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"திருடனுக்கு எதுக்குடா மணியைத் துடைச்சு வைக்கணும்? வந்து அடிச்சுட்டு உள்ள வான்னா?"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். மணியைத் துடைக்கும் வரியை அதுவரை யாரும் சரியாகப் பார்க்கவில்லை.

"அப்போ யாருக்காகத் துடைக்கிறா?" மார்லிஸ் கேட்டாள். இப்போது அவள் எதையும் விற்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"வீட்டுக்காரங்க திரும்பி வருவாங்கன்னு," என்றது ஒரு குரல்.

"வீட்டுக்காரன் சொந்த வீட்டு மணியை அடிப்பானா?" என்றது இன்னொன்று.

எமெட் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டான். "அவளே அடிக்கத்தான். சாவி கையில இருக்கு, எப்ப வேணாலும் உள்ள போகலாம். ஆனா சாவி போட்டுத் திறந்தா அவ காவக்காரி. மணி அடிச்சு யாராவது திறந்தாதான் அவ விருந்தாளி. அவளுக்கு விருந்தாளியா போகணும்."

"டேய் எமெட்," என்றான் ஓட்டோ மெதுவாக, "மனுஷன் மாதிரி பேசிட்டடா."

எமெட்டின் காதுகள் சிவந்தன. ஒருத்தி மேசையைத் தட்டினாள். அடுத்தவள் சேர்ந்துகொண்டாள். ஐந்து நொடியில் பதினொரு மேசையும் அதிர்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கணக்கு ஆசிரியர் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டினார். மார்லிஸ் தன் கையிலிருந்த தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பு தொடங்கியதிலிருந்து அவள் இந்த அறைக்குக் கொண்டுவர முயன்றது வந்துவிட்டது. அதுவும் அவளுடைய மோசமான கட்டுரையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தது.

"அஞ்சு போட்டவங்க இறங்கி வர்றீங்களா?" என்றாள் கோரின்.

"மூணு."

"மனசாரவா?"

"மனசார. ரெண்டு குடுக்கலாமான்னுகூட ஒரு நிமிஷம் யோசிச்சேன்."

"சரி, ஏழு யாரு?" ஓட்டோ நீதிபதிபோல டப்பாவை மேசையில் வைத்தான். "கையைத் தூக்குங்க. திங்கக்கிழமை வாசிப்பு."

யாரும் தூக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான்கைந்து பேர் இன்னமும் எமெட்டையே பார்த்தார்கள்.

மார்லிஸ் கையைத் தூக்கினாள்.

ஓட்டோவின் பச்சைப் பாதிக்குத்தான் முதலில் புரிந்தது என்று பிற்பாடு கோரின் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பாதிக்குப் புரிய இன்னும் கொஞ்சம் பிடித்ததாம். பிறகு எழுந்த கூச்சலில் கணக்கு ஆசிரியர் தட்டுவதை விட்டுவிட்டு நேரிலேயே வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் ஃப்ளோரிடான்னு சொன்னேன்," என்றான் ஓட்டோ. "உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேன்."

"சொன்ன."

"மன்னிச்சுக்கோங்க."

"எதுக்கு? சரியாத்தானே சொன்ன. நான் பொறந்தது இதே ஊர். ஷவல் புடிச்சுப் புடிச்சுக் கையில காய்ப்பு இருக்கு, பாரு. எழுத உக்காந்ததும் அதெல்லாம் எங்க போச்சுன்னு எனக்கே தெரியலை."

மணி அடித்தது. கூச்சல் நடைபாதைக்கு நகர்ந்தது. கோரின் மட்டும் பையை மெதுவாக அடுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கலாமா? வேணும்னே மோசமா எழுதினீங்களா? எங்களுக்குப் பாடம் நடத்துறதுக்காக?"

'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் கௌரவம் தப்பிக்கும். அந்த எண்ணம் வந்து போனதை மார்லிஸ் மறைக்கவில்லை.

"இல்ல கோரின். அதுதான் வருத்தமே. பிரமாதமா எழுதியிருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கோரின் அவளை, கோலை நோக்கி வருகிற ஆட்டக்காரனைப் பார்ப்பதுபோல, இடுப்பையும் தோளையும் சேர்த்து அளந்து பார்த்தாள். "வேணும்னே எழுதியிருந்தீங்கன்னா இப்பவே போய் அம்மாகிட்ட கையெழுத்து வாங்கியிருப்பேன்."

"இப்போ?"

"இதுவரைக்கும் எனக்கு எதுலயும் மூணு வந்ததில்ல மிஸஸ் நியமி. போன வாரம்தான் முதல் தடவை. ராத்திரி சாப்பாடு இறங்கலை."

"எனக்கும் இதுதான் முதல் தடவை. நீ மறுபடி எழுதினப்ப என்ன பண்ணின?"

"எழுதி எழுதிக் கிழிச்சேன். கடைசியில நாலு வாங்கினேன்." அவள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். மஞ்சள் ஓரம் உள்ளே போயிற்று. "நீங்க என்ன பண்றீங்கன்னு திங்கக்கிழமை பாக்குறேன்."

செய்தி ஆட்டத்தின் இடைவேளைக்கு முன்பே மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. இறைச்சி அடைத்த பாஸ்டி ரொட்டி விற்கும் கடையில் நின்றது கோரினின் அம்மாவே.

"மூணாமே?" என்றாள், சுடச்சுடக் காகிதத்தில் சுற்றியபடி.

"ஆறுக்கு மூணு."

"பாதி இருக்கே. எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துல அதைக்கூடப் பாத்ததில்ல." பாஸ்டியை நீட்டினாள். "மூணு எடுத்தவங்களுக்குக் கெச்சப் மட்டும்தான். கிரேவி அஞ்சுக்கு மேல."

மார்லிஸின் கணவன் ரூடி, குளிர்காலத்தில் மாவட்டத்தின் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன், கிரேவியைத் தன் பாஸ்டியில் ஊற்றிக்கொண்டு பெருமையாகப் பார்த்தான். மார்லிஸ் கெச்சப்போடு தின்றாள். ஹெம்லாக் பாயிண்ட் அணி தோற்றது. யாரும் அதற்காக ரொம்ப வருத்தப்படவில்லை. பேசுவதற்கு வேறு விஷயம் கிடைத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை மேசையில் நான்காவது தடவையாக முதல் வரியை அடித்தாள். ஒவ்வொரு தொடக்கத்திலும் 'குறியீடு' என்ற சொல் கூப்பிடாத உறவினர்போல வந்து உட்கார்ந்துகொண்டது. இது தனக்கான மதிப்பெண் மட்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நாளை மூன்று மணிக்குள் மூன்று சீட்டுகள் அலுவலகத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் வாக்கியம் இன்னும் விறைத்தது.

"டிலோங் வீட்டுச் சாவி எங்க?" ரூடி வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கேட்டான். "தண்ணியை அடைச்சுட்டு வந்துடறேன். ராத்திரி உறைஞ்சுதுன்னா குழாய் வெடிச்சுடும்."

அடுத்த வீட்டு டிலோங் தம்பதி முதல் உறைபனி விழுந்ததும் தெற்கே காரோட்டிப் போய்விடுவார்கள், ஏப்ரலில்தான் வருவார்கள். சாவி ஃப்ரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்கியது. மார்லிஸ் அதை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கை அப்படியே நின்றது.

"ரூடி, அந்த வீட்டுச் சாவி இத்தனை வருஷமா நம்மகிட்டதானே இருக்கு?"

"என்ன இப்ப புதுசா கேக்குற?"

"படியில பனியைத் தள்ளுறது யாரு?"

"நீதான். நான் லாரியில ஊரைத் தள்ளிக்கிட்டு இருப்பேன்." அவன் கதவைத் திறந்தவன் நின்று திரும்பினான். "ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரிஞ்சதே இல்ல. சாவியைக் கையில வெச்சுக்கிட்டு ஏன் மணியடிச்சுட்டு உள்ள போற? போன வருஷம் ஜன்னல்லேர்ந்து பாத்துக்கிட்டே இருந்தேன். வீட்ல ஈ காக்கா இல்ல. மணியை அடிச்சுட்டுக் கொஞ்ச நேரம் நிக்கிற வேற."

"அடுத்தவங்க வீடில்லையா. மரியாதைக்கு."

"யாருக்கு மரியாதை? நாற்காலிக்கா?"

மார்லிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. ரூடி கொஞ்சம் கவலையோடு பார்த்துவிட்டுத் தண்ணீரை அடைக்கப் போனான். அவன் படியேறிய பிறகு, அடுத்த வீட்டு மணி ஒரு தரம் அடித்தது. வேண்டுமென்றேதான் அடித்திருப்பான்.

அவள் நான்கு தொடக்கங்களையும் அழித்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. ஓட்டோவின் முகத்திலிருந்து வண்ணம் போய்விட்டது, காதுக்குப் பின்னால் மட்டும் பச்சை இருந்தது. மார்லிஸ் முன்னால் நின்று தாளை எடுத்தாள். தாள் நடுங்கியது. மற்றவர்கள் வாசிக்கும்போது தாள் நடுங்குவதை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் "நிதானமா படி" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அறிவுரையால் எந்தப் பயனும் இல்லை என்பது இப்போது தெரிந்தது.

"'இந்தப் பெண்ணுக்கு வழி தெரியும், சாவியும் இருக்கிறது. இல்லாதது அழைப்பு ஒன்றுதான்,'" என்று தொடங்கினாள். "'வழி எடுப்பது ஊருக்குத் தெரியும் வேலை. அதற்கு ஊர் நன்றி சொல்லும். மணியைத் துடைப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே அவளைப் பற்றி அந்த ஒரு செயல்தான் உண்மையைச் சொல்கிறது. ஆளில்லாத வீட்டின் மணியை நானும் அடித்திருக்கிறேன். அது பைத்தியம் இல்லை. உள்ளே யாராவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் செய்யும் காரியம்...'"

தன்னைப் பற்றி அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டாள். மீதி எல்லாம் கவிதையின் வரிகளைப் பிடித்துக்கொண்டே போயிற்று. தன் வாசலை அந்தப் பெண் ஏன் தள்ளவில்லை என்பதற்கு ஒரு பத்தி கொடுத்திருந்தாள். காவக்காரி, விருந்தாளி என்ற பிரிவு வந்த இடத்தில், 'இது எமெட் சாலோ வகுப்பில் சொன்னது' என்று வாசித்தாள். எமெட் மேசையைப் பார்த்துக்கொண்டு கழுத்துப்பட்டையை இறுக்கினான்.

முடிந்ததும் ஓட்டோ கை தூக்கினான். "நல்லாருக்கு. அதாவது, நல்லாருக்குன்னு ஏன் சொல்றேன்னா, இந்தத் தடவை அவ உள்ள இருக்கா. ஆனா கடைசிப் பத்தி சொன்னதையே திருப்பிச் சொல்லுது. பாட்டு முடிஞ்ச பிறகும் டியூபா ஊதிக்கிட்டிருந்த மாதிரி."

"அது நீ வெள்ளிக்கிழமை ஊதினதுதானே," என்றாள் கோரின்.

"அனுபவம் பேசுது."

"வெட்கப்படுறாங்கிறதுக்கு வரி எங்க?" என்று முதல் வரிசையில் ஒருத்தி கேட்டாள். மார்லிஸ் 'உள்ளே போவதில்லை' என்பதைக் காட்டினாள். அது வெட்கமாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம் என்று கேட்டவள் விடவில்லை. ஐந்து நிமிடம் அதில் போயிற்று. மார்லிஸ் பாதிதான் ஜெயித்தாள்.

"ஓட்டுப் போடுங்க," என்றாள்.

டப்பா வரிசை வரிசையாகப் போய்த் திரும்பியது. பெயர் தெரிந்து வாசிக்கும் கட்டுரைக்கு எழுதியவரே ஓட்டுப் போட முடியாது. எனவே பிரிக்கும் வேலை அவளுக்கு. ஒரு கணக்குத்தாள் மூலை: ஐந்து. சூயிங்கம் உறை: நாலு. கோடு போட்ட தாள்: ஐந்து. அடுத்தது மஞ்சளாக இருந்தது.

அவள் பிரித்தாள். ஒரு பக்கம் அச்சடித்த எழுத்தில் 'வகுப்பு மாற்ற வேண்டுகோள்'. பெற்றோர் கையெழுத்துக்கான கோடு வெறுமையாக இருந்தது. மறுபக்கம் பெரிதாக 5.

மார்லிஸ் நிமிர்ந்தாள். கோரின் ஜன்னல் வழியாக ஏரியில் எதையோ மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஐந்து வெள்ளைத் துண்டுகள். பிறகு இன்னொரு மஞ்சள்: 4, கீழே 'டியூபா' என்று ஒரு சொல். ஓட்டோ பல்லைக் காட்டினான். கடைசியாக மூன்றாவது மஞ்சள். நேர்த்தியாக எட்டாக மடித்தது. அதில் 5 என்று எழுதி, பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, அடியில் மணிமணியான கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'மேற்கோளுக்கு நன்றி.'

"நீயுமா எமெட்?" என்றாள் அவளை அறியாமல்.

"போன வாரம் வரைக்கும் இந்த வகுப்புக்கு நான் தகுதியில்லையோன்னு ஒரு ஐயப்பாடு இருந்தது," என்றான் எமெட்.

"ஐயப்பாடு!" என்று ஓட்டோ தலையில் கை வைத்தான். "போச்சு, மறுபடி ஆரம்பிச்சுட்டான்."

மார்லிஸ் மஞ்சள் துண்டுகளை மற்றவற்றோடு சேர்த்து டப்பாவுக்குள் போட்டு மூடியை அழுத்தினாள்.

"ஏழு பேர் அஞ்சு, நாலு பேர் நாலு. சரி. ஒரு ஆறுகூட இல்லையா?"

கோரின் ஏரியிலிருந்து திரும்பினாள். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி இந்த ரூம்ல யாருக்கும் ஆறு கிடையாதுன்னு சொன்னது யாரு?"

பதினொரு மேசையும் மறுபடி அதிர்ந்தன. கதவுக் கண்ணாடியில் பியாங்கியின் முகம் தெரிந்தது. கையில் டோனட். புருவத்தை உயர்த்தி, மூன்று விரலைக் காட்டிக் கேள்வியாகப் பார்த்தார். மார்லிஸ் இல்லை என்று தலையாட்டிவிட்டுக் காபி டப்பாவைத் தூக்கிக் குலுக்கிக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் டோனட்டைத் தானே ஒரு கடி கடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

"பென்சில் எடுங்க," என்றாள் மார்லிஸ், புதிய பக்கத்தை வரிசைகளில் கொடுத்தபடி. "இந்த வாரம் உரைநடை. ஒரு ஆள் பஸ்ஸைத் தவறவிடுறான், அவ்வளவுதான் நடக்குது. வியாழக்கிழமை எழுதுறோம்."

"நீங்களுமா?" என்றான் ஓட்டோ.

"நானும்தான்," என்று சொல்லிவிட்டு, பின்வரிசைக்குப் போய்த் தன் பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.